ஐம்பத்திரண்டு நிமிஷம்

என் பெயர் நேவிஸ் ராஜ். வயது இருபத்து நான்கு. ஊர் தங்கச்சிமடம். இப்போது நியூசிலாந்தில், ஆக்லாந்து விமான நிலையத்துக்கு வெளியே, நான்காம் எண் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். நான் வேலைக்குச் சேரப்போகிற மீன் பண்ணையின் பஸ் பதினொரு மணிக்கு வரும் என்றார்கள். மணி பத்து இருபது.

அம்மா, நான் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். இதை முதலில் சொல்லாவிட்டால் மீதியை நீ காதில் வாங்க மாட்டாய். பிரின்சி அக்கா, நான் வாயால் சொல்லச் சொல்ல இந்தப் போன் எழுதுகிறது. நான் பேசுவதைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிப் போடுகிறது, சிரிக்காதே. மற்றவர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன். முதலில் நீ தனியாக முழுவதும் வாசி. அப்புறம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அப்பாவிடம் எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று நீயே பார்த்துக்கொள்.

கோலாலம்பூரில் எனக்கு ஒன்பது மணி நேரம் இருந்தது. காலை எட்டரைக்கு இறங்கினேன், அடுத்த விமானம் மாலை ஐந்தரைக்கு. ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து, பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்ளச் சொன்னாய் அம்மா. நான் அப்படிச் செய்யவில்லை.

கரையில் சும்மா இருந்த இரண்டு வருஷமும் சைக்கிளில் பெட்டி தேடி அலைந்தேனே, ஜியோகேச்சிங் என்று. யாரோ ஒருவர் சின்ன டப்பா ஒன்றை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் எண்களை மட்டும் இணையத்தில் போடுவார். போனில் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். "உள்ள காசும் இல்ல, கருவாடும் இல்ல, இதுக்கா வெயில்ல சுத்துற?" என்று நீ கேட்டாய். அதேதான்.

அந்த விமான நிலையத்துப் பக்கத்தில் இருக்கிற பெட்டிக்காரர்கள் ஒரு அறிவிப்பு போட்டிருந்தார்கள். சனிக்கிழமையில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கிறவர்கள் சொன்னால், வந்து கூட்டிப்போய்ப் பசியாற வைத்து, ஒரு பெட்டி காட்டி, நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவோம் என்று. தமிழிலும் எழுதியிருந்தது. நான் எழுதிப்போட்டேன். என் ஆட்டப் பெயர் நங்கூரம். வெளிவாசலில் மூன்று பேர் 'நங்கூரம்' என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

லோகேஸ்வரி அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. எல்லாரும் லோகா என்கிறார்கள். கூட நின்றது அவர் தங்கை வீட்டுக்காரர் சற்குணன், எல்லை தாண்டித் தாய்லாந்துக்கு லாரி ஓட்டுகிறவர். மூன்றாவது லிம் அங்கிள். சீனர், எழுபது வயது. ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், நம்மைப் போலவே பேசுகிறார், அங்கங்கே மட்டும் வார்த்தை முன்னே பின்னே போகும்.

"பசியாறிட்டீங்களா தம்பி?" என்றார் லோகா அக்கா.

"பிளைட்ல குடுத்தாங்கக்கா."

"அதெல்லாம் சாப்பாடாலா? வாங்க, காடி அங்க இருக்கு."

காடி என்றால் அங்கே கார், 'லா' என்பது அவர்கள் பேச்சோடு ஒட்டிக்கொள்கிற ஓசை. சாலையோரக் கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார்கள். நம் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி. மூன்றாவதைப் பிய்க்கும்போது சற்குணன் கேட்டார்:

"ப்ரோ, வந்ததுலருந்து கையையே பாத்துட்டு இருக்கீங்க. பொண்ணு யாரும் நம்பர் எழுதிக் குடுத்திருக்கா?"

சட்டைக் கையை மேலே தள்ளி ஆரஞ்சு காப்பைக் காட்டினேன். அவர்கள் கையிலும் காப்பு இருந்தது. ஆனால் நீலம், உள்ளூர்க்காரர்களுக்கு உரியது.

"ஓ, வேலைக்காப்பு," என்றார் சற்குணன். "எங்களுது ஒண்ணும் இல்ல ப்ரோ. மூணு நாளு காட்டுக்குள்ள போய் மீன் புடிச்சுட்டு வருவேன். தடம் அறுந்துடும். வீட்டு வாசல்ல ஒரு நாளு கெடந்தா தானா ஒட்டிக்கும்."

"எங்களுக்கு நாப்பது நிமிஷம்," என்றேன். "நாப்பது நிமிஷம் எந்த டவரும் என்னப் பாக்கலன்னா அறுந்துரும். அதுக்கப்புறம் வர்றவன் நான் இல்ல."

"நீ இல்லன்னா யாரு?" என்றார் லிம் அங்கிள்.

"யாரோ. என்ன மாதிரி இருக்குற யாரோ."

"மூஞ்சி பாத்தா தெரியாதா?"

"மூஞ்சிய யாரு அங்கிள் நம்புறா? மூஞ்சிய செஞ்சுர்றாங்க, குரலச் செஞ்சுர்றாங்க, கைரேகையக்கூட அச்சடிச்சு ஒட்டிர்றாங்க. அதனால நீ யாருன்னு கேக்குறதையே விட்டுட்டாங்க. நேத்து எங்க இருந்த, அதுக்கு முந்தி எங்க இருந்தன்னுதான் கேக்குறாங்க. விடாம எங்க இருந்தேன்னு காட்டுனா நான் நான்தான்."

"அப்ப கக்கூசுல?"

"அங்கயும் சிக்னல் இருக்கு அங்கிள். பிளைட்லகூட இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். லோகா அக்கா மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "அறுந்தா என்ன செய்வாங்க?"

"ஊருக்கு அனுப்பிருவாங்கக்கா. மறுபடி மொதல்லருந்து ரெண்டு வருசம் தடம் வளக்கணும். இப்ப எழுநூத்தி முப்பத்தொரு நாள் ஆச்சு."

"ஒரு தடவகூட அறுக்கலயா?"

"இல்லக்கா."

"வீட்ல என்ன வேல?"

"போட்டு. அப்பா கடலுக்குப் போறவரு."

"நீங்க?"

அம்மா, இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே காப்பு செத்துவிடும், அதனால் இரண்டு வருஷமாகப் போட்டில் கால் வைக்கவில்லை என்றேன். என் இடத்தில் பழக்கமில்லாத ஒரு ஆளை அப்பா ஏற்றிக்கொண்டு போனதைச் சொன்னேன். வலை இழுக்கிற விஞ்சு ஓடும்போது அவன் கயிற்றைத் தளரவிட்டதையும், அப்பாவின் வலது கையில் இரண்டு விரல் போனதையும் சொன்னேன். அன்றைக்கு அவர்கள் கிளம்பிப் போனதை நான் படகுத் துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை.

லோகா அக்கா என் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "ஏர்போர்ட் பின்னால லாம்பு கம்பத்துல இருக்குற பெட்டியக் காட்டிட்டு விட்டுடுவோம். அங்க சிக்னல் நல்லா இருக்கு," என்றார்.

"ஐயோ அண்ணி, அது சின்னப் பிள்ளைங்க தேடுறதுலா," என்றார் சற்குணன். "இவ்ளோ தூரம் வந்தவருக்கு லாம்பு கம்பமா?"

அப்போதுதான் இன்னொரு பெட்டியைப் பற்றிச் சொன்னார்கள். நெடுஞ்சாலைக்கு அடியில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து மழைத்தண்ணீர் ஓடுகிற பெரிய சிமெண்ட் வாய்க்கால். உள்ளே நின்று போகலாம். லோகா அக்கா பதினொரு மாதத்துக்கு முன்னால் அங்கே ஒளித்துவைத்த பெட்டியை இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நான்கு கூட்டம் வந்து தோற்றுப் போயிருக்கிறது. தாளில் முதல் வரி காலி.

முதல் வரி காலி என்றதும் எனக்குள் ஏதோ பரபரவென்று ஆகிவிட்டது. யாரும் என்னைத் தள்ளவில்லை. நானேதான் சொன்னேன்: "அதப் பாக்கலாம்க்கா."

அவர் விரல்விட்டு எண்ணினார். "உள்ள போக ஆறு நிமிஷம். வெளிய வர ஆறு. தேட பதினஞ்சு, இருவது. முப்பது ஆச்சுன்னா கெடைச்சாலும் சரி கெடைக்கலன்னாலும் சரி, கழுத்தப் புடிச்சு இழுத்துட்டு வந்துடுவேன். சரியா?"

"சரிக்கா."

காரில் போகும்போது லிம் அங்கிள் கதை சொன்னார். ஒரு தடவை காடியை எங்கேயோ நிறுத்திவிட்டுப் பெட்டி தேடிக் காட்டுக்குள் போனாராம். பெட்டி கிடைத்தது, காடி கிடைக்கவில்லை. "பெட்டிக்கு நம்பர் எழுதி வெச்சேன். காடிக்கு எழுதி வெக்கல. ரெண்டு நாளு தேடுனேன் தம்பி. பொண்டாட்டி சொன்னா, நீயும் வராத, அங்கயே இரு." சற்குணன் அந்த மனைவி மாதிரி பேசிக் காட்டினார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. பிறகு இறங்கி நடந்தோம்.

அக்கா, அந்த இருபது நிமிஷம் நான் கையைப் பார்க்கவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. சந்தோஷமாக இருந்தேன், மறந்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

வாய்க்கால் வாயில் நின்று போனில் டைமரை ஓடவிட்டேன். அங்கே சிக்னல் இருக்காது என்று தெரியும், அதனால் காப்பைப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை என்று நினைத்தேன்.

உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். தலைக்கு மேலே லாரிகள் போகிற சத்தம் இடி உருள்கிற மாதிரி கேட்டது. லோகா அக்கா ஒரு இடத்தில் நின்று, "இங்கருந்து உங்க பாடு," என்றார். "க்ளூ வேணும்னா கேளுங்க. கேக்காம சொல்ல மாட்டோம். கேக்காதவங்களுக்குச் சொல்றது எங்க ஆட்டத்துல மரியாதக் கொறைச்சல்."

மூவரும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்கள். டார்ச்சை மட்டும் என்னிடம் கொடுத்தார்கள்.

இரண்டு பக்கச் சுவரிலும் தண்ணீர் கசிந்து வடிய ஓட்டைகள் விட்டிருந்தார்கள். இரண்டு முழத்துக்கு ஒன்று, நூறுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாக விரலை விட்டேன். சேறு. பூச்சி. மறுபடி சேறு. பத்து நிமிஷம் போனது. க்ளூ கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவர்கள் பெட்ரோல் போட்டுக் கூட்டிவந்து, சாப்பிட வைத்து, என்னைப் பெரிய ஆளாக நினைத்துப் பதினொரு மாதப் பெட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் கையை விரித்தால் என்ன நினைப்பார்கள்? கேட்கவில்லை. நேரம் ஆவதைப் பார்த்து அவர்களே சொல்லிவிடுவார்கள் என்றும் ஒரு பக்கம் இருந்தது. லோகா அக்கா சற்குணன் காதில் ஏதோ சொன்னது கேட்டது. சற்குணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

பதினெட்டாவது நிமிஷத்தில் ஓட்டைகளை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தேன். எல்லா ஓட்டைக்குக் கீழும் தண்ணீர் வடிந்த பழுப்புக் கோடு இருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. அதற்குள் விரலை விட்டால் சிமெண்ட் தட்டுப்பட்டது. நகத்தால் நெம்பினேன். சிமெண்ட் பூசிய ரப்பர் மூடி கழன்று வந்தது. பின்னால் ஒரு மருந்துக் குப்பி.

"கண்டுபுடிச்சிட்டான்யா!" என்று லிம் அங்கிள் கத்தினார். வாய்க்கால் முழுக்க எதிரொலித்தது. லோகா அக்கா குழந்தை மாதிரி கை தட்டினார். நான் முதல் வரியில் நங்கூரம் என்று எழுதி, தேதி போட்டு, பக்கத்தில் நேவிஸ் ராஜ் என்றும் எழுதினேன். பெட்டியை வைத்துவிட்டு ஏறக்குறைய ஓடினோம். மறுமுனை வழியாக ஏறி நெடுஞ்சாலை மேட்டுக்கு வரும்போது டைமர் முப்பத்துமூன்றைக் காட்டியது. இன்னும் ஏழு நிமிஷம் மிச்சம் என்று சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினேன்.

காப்பு டவரைப் பிடித்து ஒரு தடவை அதிர்ந்தது. சிவப்பில் எண் வந்தது. ஐம்பத்திரண்டு.

"இருக்காது," என்றேன். மறுபடி பார்த்தேன். ஐம்பத்திரண்டு.

சற்குணன்தான் முதலில் புரிந்துகொண்டார். "தோட்டத்துக்குள்ள இருக்குறது எங்க டவரு ப்ரோ. நீலத்தோட மட்டும்தான் பேசும். உங்களோடது ரோட்ட விட்டு எறங்குனப்பவே செத்திருக்கு."

நான் நெடுஞ்சாலை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெரிய லாரி காற்றை வாரி முகத்தில் அடித்துவிட்டுப் போனது. அப்பாவின் கைதான் கண் முன்னால் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை.

"நீங்க க்ளூ கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்," என்றார் லோகா அக்கா. "எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி. நீங்க அவ்வளவு ஆசையா தேடிட்டு இருந்தீங்க."

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்க்கா."

"கேக்காம எப்படிலா சொல்றது?"

"விருந்துக்கு வந்துட்டு எப்படிக்கா கேக்குறது?"

லிம் அங்கிள், "ரெண்டு பேரும் நல்ல மரியாத. மரியாதய வெச்சு பிளேன் ஏற முடியாது. எழுந்திரி," என்று என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

காரில் சற்குணன் போனில் சட்டத்தைத் தேடிப் படித்துக்கொண்டே வந்தார். "இருக்கு, இருக்கு. கூட இருந்தவங்க உறுதி. அறுந்த நேரம் முழுக்க இவரு கூடவே இருந்தேன்னு நீலக் காப்பு போட்ட ஒருத்தரு டிரான்சிட் மேசையில வந்து கையெழுத்து போட்டா ஒட்டிக் குடுத்துடுவாங்க."

"நான் போடுறேன்," என்றார் லிம் அங்கிள்.

"அறுவது வயசுக்கு மேல இருந்தா ஆகாதாம் அங்கிள்."

"பெட்டி தேடுறதுக்கு ஆகும், கையெழுத்துக்கு ஆகாதா?"

சற்குணன் இன்னும் கீழே படித்தார். படிக்கப் படிக்க அவர் பேச்சு நின்றுவிட்டது. பிறகு, "அண்ணி, நான் போடட்டுமா?" என்றார். கேட்ட விதம் சரியாக இல்லை.

"நீ பாடர் தாண்டி காட்டு ரோட்டுல லாரி ஓட்டணும். வாய மூடிட்டு ஒக்காரு," என்றார் லோகா அக்கா. லாரி ஓட்டுவதற்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. எனக்கு ஐந்தரை மணி மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

டிரான்சிட் மேசையில் ஒரு இளம் பெண் அதிகாரி இருந்தார். என் காப்பைக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, லோகா அக்காவிடம் மலாயில் ஏதோ கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தார்.

"என்னக்கா கேட்டாங்க?"

"உங்கள எத்தன நாளா தெரியும்னு கேட்டா. அஞ்சு மணி நேரமாத் தெரியும்னு சொன்னேன்."

அதிகாரி மூன்று பக்கத் தாளை எடுத்து முழுவதும் வாசித்தார். லோகா அக்கா "யா, யா" என்றார். அந்தப் பெண் தாளை வைத்துவிட்டு அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து, இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு வரியின் கீழும் பேனாவை நகர்த்தி வாசித்தார். அக்கா மறுபடியும் "யா" என்றார்.

"ரெண்டு தடவ என்ன படிச்சாங்க?"

"உங்க பேர ஒழுங்கா எழுதச் சொன்னா. நேவிஸ்ஸுக்கு எத்தன எஸ்ஸு?"

அவரை உள்ளே ஒரு அறைக்குக் கூட்டிப்போனார்கள். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது முழங்கை வரை மடித்திருந்த சட்டைக் கையை இறக்கி மணிக்கட்டில் பொத்தான் போட்டிருந்தார். ஏசி குளிர் என்று நினைத்தேன். என் காப்பில் சிவப்பு போய்விட்டது. எழுநூற்று முப்பத்தொன்று என்று பழையபடி நின்றது. எனக்கு அழுகை வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அட, கும்புடாதீங்கலா. இந்தாங்க நாசி லெமாக், தேங்காப்பால் சோறு, வாழ இலையில கட்டித் தாப்பாவ் பண்ணிருக்கேன், பிளேன்ல சாப்புடுங்க. போங்க, கேட்ட மூடிடப் போறான்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

"எனக்கு என்னா ஆகப் போவுது? போய்ச் சேந்து மெசேஜ் போடுங்க."

பஸ் மாதிரி ஒன்று வருகிறது. இல்லை, அது ஹோட்டல் வண்டி. மணி பத்து நாற்பது.

அந்தத் தாளின் நகலை என் பையில்தான் வைத்திருந்தேன். மலாயில் இருந்ததால் பார்க்கவில்லை. காலையில் இங்கே குடியேற்ற மேசையில் இருந்த அதிகாரி அதை வாங்கி, கருவியில் ஆங்கிலமாக்கிப் படித்துவிட்டு, இந்த அம்மாள் உன் சொந்தமா என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னே யார் என்றார். நேற்றுப் பெட்டி தேடும்போது பழக்கமானவர் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் தாளைப் போனுக்குக் காட்டித் தமிழில் வாசிக்கச் சொன்னேன்.

ஏழாவது நிபந்தனை: உறுதி கொடுத்தவர் அன்று முதல் தொழிலாளியின் ஒப்பந்தம் முடியும்வரை ஆரஞ்சு காப்பு அணிவார். அதே நாற்பது நிமிஷம். இருவரில் ஒருவர் தடம் அறுந்தாலும் இருவர் தடமும் அறுந்ததாகக் கொள்ளப்படும்.

என் ஒப்பந்தம் மூன்று வருஷம்.

அவர் தடம் அறுந்தால் அவர் சொந்த ஊரிலேயே அவர் யாரோ ஆகிவிடுவார். ஆஸ்பத்திரிக் கதவுகூடத் திறக்காது. அவர் வேலை செய்கிற எக்ஸ்ரே அறையின் சுவருக்குள் ஈயத் தகடு பதித்திருப்பார்கள். எந்த டவரும் உள்ளே எட்டிப் பார்க்காது.

அங்கே காலை ஆறு மணிதான். இருந்தாலும் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சேந்துட்டீங்களா? நாசி லெமாக் சாப்ட்டீங்களா?"

"தெரிஞ்சேதான் போட்டீங்களாக்கா?"

"அந்தப் பொண்ணு ரெண்டு தடவ படிச்சாள்ல. எனக்கு மலாய் தெரியாதா?"

"எக்ஸ்ரே ரூம்ல என்ன பண்ணுவீங்க?"

"அர மணி நேரத்துக்கு ஒருக்கா வராந்தாவுல போய் நின்னுட்டு வரணும். நல்லதுதான், காத்து வாங்கலாம். டாக்டரு மொறைப்பாரு. மொறைக்கட்டும்."

"எட்டாவது நிபந்தனை படிச்சேன்க்கா. நானா ஊருக்குத் திரும்பிட்டா உங்கள விட்டுருவாங்க. நான் அடுத்த பிளைட்ல—"

"போடா டேய்!" முதல் தடவையாக என்னை அப்படிக் கூப்பிட்டார். "நான் ஒனக்கா கையெழுத்து போட்டேன்? உங்கப்பாவோட ரெண்டு வெரலுக்குப் போட்டேன். அதத் திருப்பி வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் ஊருக்குப் போ. நீ உள்ள எங்கயும் மாட்டிக்காம இரு. நான் இங்க மாட்டிக்காம இருக்கேன். மூணு வருசம்தானே? வெச்சுடு, காசு போவுது."

வைத்துவிட்டார்.

நான் திரும்பி வரவில்லை அம்மா. வர வேண்டும் என்று கால் இழுக்கிறது, இருந்தாலும் பஸ்ஸில் ஏறப் போகிறேன். பண்ணை மேற்பார்வையாளருக்கு இப்போதே செய்தி அனுப்பிக் கேட்டேன், மீன் வைக்கிற குளிர் அறைக்குள் சிக்னல் இருக்குமா என்று. இரும்புச் சுவர், இருக்காது என்றார். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே வருவேன் என்று எழுதினேன். வந்த முதல் நாளே வேலைக்குச் சாக்கா என்று பதில் வந்தது. என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். இனிமேல் என் ஒரு கையில் இரண்டு பேர் இருக்கிறோம்.

இதையெல்லாம் நான் உங்களுக்கு மட்டும் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால் சற்குணன் ஒரு குரல் செய்தி அனுப்பினார். அதைக் கேட்டதிலிருந்து ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை, தூணைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

"ப்ரோ, அண்ணி இத சொல்ல மாட்டாங்க. நான் சொன்னேன்னும் சொல்லாதீங்க. அவங்க ஒளிச்சு வெச்ச பெட்டி பத்தொம்பது இருக்கு. பதினாலு சிக்னல் இல்லாத எடத்துல. பழைய ஈயச் சொரங்கம், ரயில் குகை, அருவிக்குப் பின்னால. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா போய் நனைஞ்ச தாள எடுத்துட்டுப் புதுசு வெக்கணும். இல்லன்னா பேரெல்லாம் பூஞ்சை புடிச்சுப் போய்டும். ஆறு மாசம் யாரும் பாக்கலன்னா பட்டியல்லருந்தே தூக்கிடுவாங்க. இனிமே அண்ணி அங்க ஒண்ணுக்கும் போக முடியாது. எல்லாமே போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல. நானும் லிம் அங்கிளும் நாலஞ்சு பாத்துக்குவோம். எனக்கு மாசத்துல இருவது நாளு பாடர்ல. நேத்து வீட்டுக்கு வந்து அண்ணி அந்தப் பட்டியல ஒரு தடவ எடுத்துப் பாத்தாங்க. பாத்துட்டு மடிச்சு வெச்சுட்டு சோறு வடிக்கப் போய்ட்டாங்க."

பிரின்சி அக்கா, அதனால் இதை நம் வீட்டோடு வைத்துக்கொள்ளாதே. மலேசியாவில் சொந்தம் இருக்கிறவர்கள் நம் தெருவிலேயே ஏழெட்டு வீடு இருக்கிறது. அனுப்பு. அவர்கள் தெரிந்தவர்களுக்கு அனுப்பட்டும். சொல்லாதே என்று சற்குணன் சொன்னதை மீறித்தான் சொல்கிறேன். அவர் எண்ணை உனக்குத் தனியே அனுப்புகிறேன், கேட்கிறவர்களுக்குக் கொடு, பெட்டி இருக்கிற இடங்களை அவர் தருவார்.

பஸ் வந்துவிட்டது. இதுதான் என்று நினைக்கிறேன், மீன் படம் போட்டிருக்கிறது.

இதை வாசிக்கிறவர் யாராக இருந்தாலும், உங்கள் கையில் இருப்பது நீலக் காப்பு என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டிகளில் ஒன்றுக்குப் போங்கள். இரண்டு காய்ந்த தாளும் ஒரு பென்சிலும் கொண்டுபோங்கள். பேனா வேண்டாம், ஈரத்தில் மை பரவும். பழைய தாளை எறிய வேண்டாம், உலர்த்தி லோகா அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். உள்ளே ஒரு மணி நேரம் ஆனாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. தயவுசெய்து யாராவது போங்கள்.